நெடுஞ்சாலையைப் பார்த்த சுவர்

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில், பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி, மாதனூரை ஒட்டி ஒரு கல்லூரி இருக்கிறது. அதன் முன்பக்கம் இரண்டு தள உயரத்துக்கு ஒரே கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்கு உள்பக்கம் பழைய ஃபிளெக்ஸ் பேனர்களைக் கட்டியிருப்பார்கள். பெரும்பாலும் வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும். ஓரிரண்டை அவசரத்தில் திருப்பி மாட்டியிருப்பார்கள். போன கோடையில் ஒரு காதுகுத்து விழாவின் தாய்மாமன்கள் வரிசையாக நின்று நெடுஞ்சாலையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கட்டடம் நூலகம். அதை வடிவமைத்தவன் நான்.

கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தப்பு என்னுடையது. அவர்கள் பெயரை இழுத்தால் பாதியை அவர்கள் தலையில் வைக்கும் ஆசை எனக்கு வந்துவிடும். நாலு வருடம் அதைத்தான் செய்துவந்தேன். யாராவது ஃபிளெக்ஸைப் பற்றிக் கேட்டால், "நான் சொன்ன கண்ணாடி வேற சார், பட்ஜெட்டக் குறைச்சிட்டாங்க" என்பேன். அந்த வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது பொய்.

2017இல் வேலை வந்தது. எனக்கு வயது 41. வேலூரில் மூன்று அறை அலுவலகம், நான்கு பேர். அதுவரை நான் செய்தது கல்யாண மண்டபம், வீடுகள், இரண்டு கிளினிக், ஒரு ஷூ கம்பெனியின் குடோன். நூலகம் என்றதும் தலை கிறுகிறுத்தது. அதுவும் சொந்த ஊரில். என் அப்பா மாதனூர் பக்கத்து டேனரி ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். பள்ளியில் எங்கள் வீட்டு வாசத்தைச் சொல்லிக் கேலி செய்தவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் பஸ்ஸில் போகும்போது நிமிர்ந்து பார்க்க வேண்டும். "இது நம்ம மாதனூர் பையன் கட்டினது" என்று சொல்ல வேண்டும். நான் கட்டிய நூலகத்தின் அடித்தளம் இதுதான். மண் பரிசோதனை அதற்குப் பிறகு வந்தது.

நிர்வாகம் இரண்டு இடம் காட்டியது. ஒன்று வளாகத்தின் உள்ளே, பழைய கட்டடத்துக்குப் பின்னால், வேப்பமர நிழலில். இன்னொன்று சாலையோரம். அவர்கள் மனசு வேப்பமரத்துப் பக்கம்தான் இருந்தது. சத்தம் இருக்காது, தூசி வராது என்றார்கள். நான்தான் மாற்றினேன். "ரோட்டுல போறவங்க பார்த்தா அட்மிஷனுக்கு நல்லது" என்றேன். அது பலிக்கும் என்று தெரிந்தே சொன்னேன்.

திசை விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நெடுஞ்சாலை அந்த இடத்தில் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சாய்ந்து போகிறது. வளாகம் சாலைக்குத் தெற்கே. அங்கே சாலையைப் பார்த்து ஒரு சுவரை எழுப்பினால் அது வடமேற்கைப் பார்க்கும். வடக்கு வெளிச்சம் மென்மையானது என்று எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். லண்டனில் அது சரி. நம் அட்சரேகையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உச்சிச் சூரியனே வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும். சாயங்காலம் மேற்கையும் தாண்டி வடக்கே ஒதுங்கி இறங்கும். வடமேற்குச் சுவரில் அது நேராக விழும், தாழ்வாக விழும். மேலே சஜ்ஜா வைத்தாலும் தடுக்காது. முதல் வருட மாணவன் சூரியப் பாதை வரைபடத்தை வைத்து இதைச் சொல்லிவிடுவான். எனக்கும் தெரியும். வரைபடம் என் மேசை டிராயரில் இருந்தது. எடுத்தால் என்ன சொல்லும் என்று தெரிந்ததால் நான் அதை எடுக்கவில்லை.

இன்னும் ஒன்று எனக்குத் தெரியும். பாரிசில் பிரான்சின் தேசிய நூலகத்தை தொமினிக் பெரோ கட்டியபோது, புத்தகங்களை நான்கு கண்ணாடிக் கோபுரங்களில் அடுக்கும்படி வரைந்தார். 1990களின் நடுவில் திறந்தார்கள். ஒளி பட்டால் புத்தகம் கெடும் என்று ஊரே கூச்சல் போட, கண்ணாடிக்குப் பின்னால் மரத் தடுப்புகளை வைத்து மூடினார்கள். படிக்கும் காலத்தில் நாங்கள் விடுதியில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். சிரித்தவர்களில் நான் ஒருவன். பாரிசில் மரம். மாதனூரில் ஃபிளெக்ஸ்.

திட்டத்தை முடிவு செய்யும் கூட்டம் 2017 அக்டோபரில் நடந்தது. தாளாளர், முதல்வர், இரண்டு அறங்காவலர்கள், பொறியாளர், கடைசி நாற்காலியில் நூலகர். ஐம்பதை நெருங்கிய பெண்மணி. மடியில் ஒரு ஃபைல். நான் வெள்ளை அட்டையில் செய்த மாடலோடு போயிருந்தேன். உள்ளே சின்ன எல்.இ.டி. விளக்கு எரியும்.

முதலில் ஒரு கதை சொன்னேன். அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தின் நூலகம் வருடா வருடம் பூமிக்குள் இறங்குகிறதாம், புத்தகங்களின் எடையைக் கணக்கில் சேர்க்கக் கட்டடக் கலைஞர் மறந்துவிட்டாராம். இது கட்டுக்கதை. அங்கே பல வளாகங்களில் இதே கதையைச் சொல்வார்கள். அதைச் சொல்லிவிட்டு, "நான் மறக்கல சார்" என்றேன். வகுப்பறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 300 கிலோ போதும், அலமாரி நிற்கும் தளத்துக்கு 600 கிலோ போட்டிருக்கிறோம் என்றேன். அறை முழுக்கத் தலையாட்டியது. அந்தக் கணக்கு சரிதான். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.

நூலகர் எழுந்தார். கோடு போட்ட முழுத்தாளில் மூன்று பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அதை என்னிடம் நீட்டிக்கொண்டே கேட்டார். "சாயங்கால வெயில் எங்க சார் விழும்?"

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தாளாளரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன். "அதெல்லாம் டெக்னிக்கல் மேட்டர் மேடம். அதுக்குன்னே தனிக் கண்ணாடி இருக்கு. நான் பார்த்துக்கறேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். மேசையில் மாடல் ஆடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் அண்டக் கொடுக்க எதையாவது தேடினேன். கையில் இருந்த அந்த மூன்று தாள்களை மடித்துச் சொருகினேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. அது என் பக்க வாதமாக நிற்காது. வேண்டுமென்று செய்திருந்தால் குறைந்தபட்சம் அந்தத் தாளைக் கவனித்திருப்பேன்.

2018 ஜூனில் திருத்திய மதிப்பீடு வந்தது. நான் வரைந்தது இரட்டைக் கண்ணாடி. நடுவில் காற்றிடைவெளி, உள்பூச்சு, வெப்பத்தில் பெரும்பகுதியை வெளியிலேயே நிறுத்துவது. செலவு கட்டுப்படியாகாது, ஒற்றைக் கண்ணாடியில் நீலச் சாயம் போட்டதை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்கள். குளிர்சாதனம் "அடுத்த கட்டத்தில்" என்றும் எழுதியிருந்தது. கேட்டிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். உத்தரவு போடவில்லை. என் ஒப்புதலைக் கேட்டார்கள்.

செய்யக்கூடியது இருந்தது. கண்ணாடியைக் கால்வாசியாகக் குறைத்து மீதியைச் செங்கல் சுவராக்கலாம். அதே பணத்தில் முடியும். முன்னால் ஆறடி வராந்தா இழுத்து, செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஒரு மறைப்புச் சுவர் எழுப்பலாம். லாரி பேக்கர் கேரளத்தில் வாழ்நாளெல்லாம் கட்டிக்காட்டிய சங்கதி. குறைந்தபட்சம் கண்ணாடியில் திறக்கிற ஜன்னல் வைக்கலாம். திறக்கிற ஜன்னல் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தவனும் நான்தான். சட்டம் வந்தால் கோடு உடையும் என்று.

ஆனால் எலிவேஷன் மாறும். அந்தப் படத்தைச் சேர்க்கைப் பிரசுரத்தின் அட்டையில் அச்சடித்துவிட்டார்கள். அடுத்து விடுதிக் கட்டடம் என்று பேச்சு இருந்தது. இந்த நேரத்தில் "நான் தப்பா வரைஞ்சிட்டேன், மாத்தணும்" என்று போய் நின்றால் விடுதி வேறு யாருக்கோ போகும். பயந்தேன். இதையெல்லாம் யோசிக்கப் பத்து நிமிடம் ஆனது. கையெழுத்துப் போட்டேன்.

இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. மாதிரிக்கு வந்த நீலக் கண்ணாடி எனக்குப் பிடித்திருந்தது. வானம் அதில் நன்றாக விழுந்தது. போட்டோவுக்கு நான் கேட்டதைவிட இதுதான் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். உள்ளே வெந்துபோவார்கள் என்று தெரிந்த அதே மூளைதான் அதையும் நினைத்தது.

கண்ணாடி பொருத்தும் சமயம் அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, கையைப் புருவத்தின் மேல் வைத்து அண்ணாந்து பார்த்தார். மணி நாலரை.

"இதுக்குள்ள இன்னாடா வைக்கப்போறாங்க?"

"புக்குதாம்பா. லைப்ரரி."

"தோலையே நாங்க நெழல்லதான்டா ஒணத்துவோம்."

அவர் காலத்து டேனரியில் ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய தோலை மேல்மாடியில் தொங்கவிடுவார்கள். அந்த மாடிக்குச் சுவர் கிடையாது. சாய்த்து வைத்த மரச் சட்டங்கள்தான். காற்று வரும், வெயில் வராது. வெயில் பட்டால் தோல் விறைத்து வெடித்துவிடும். மே மாதம் கீழே முற்றம் கொதிக்கும்போது அந்த மாடியில் ஜில்லென்று இருக்கும். சிறுவயதில் நான் அங்கே பாடப் புத்தகத்தோடு போய்ப் படுத்திருக்கிறேன். அந்த வட்டாரத்தில் வெயிலை எப்படி வெளியே நிறுத்துவது என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான். பெற்றவர் கையிலிருந்து கிடைத்தது.

"அது வேறப்பா, இது வேற" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். 2020இல் இறந்துபோனார். அந்தக் கட்டடத்தைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை.

2019 ஜூனில் திறப்பு விழா. சால்வை போட்டார்கள். விடுதி வேலையும் எனக்கே கிடைத்தது.

ஃபிளெக்ஸ் வந்தது அடுத்த பிப்ரவரியில். நூலகரும் அட்டெண்டரும் ஊரில் கிடைத்த பழைய பேனர்களை வாங்கிவந்து கம்பி கட்டித் தொங்கவிட்டார்கள். கேள்விப்பட்டு எனக்குக் கோபம் வந்தது. அது மார்ச் இரண்டாம் வாரம். ஒரு கட்டடக் கலை விருதுக்குப் படம் அனுப்ப வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து போட்டோகிராபரை அழைத்துக்கொண்டு போனேன். "ஒரு நாளைக்குக் கழட்டிக்கொடுங்க" என்றேன். மாணவிகள் ஏணி பிடித்துக் கழற்றிக்கொடுத்தார்கள். கண்ணாடியை ஒட்டி ஓர் அலமாரி வரிசையையும் நகர்த்தச் சொன்னேன், இரவு விளக்கில் புத்தகங்களின் முதுகு அழகாகத் தெரியும் என்று. படம் எடுத்தோம். கிளம்பிவிட்டேன். ஃபிளெக்ஸை மாட்டவில்லை. அலமாரியைத் திருப்பி வைக்கவில்லை.

17ஆம் தேதி கல்லூரிகளை மூடினார்கள். அடுத்த வாரம் ஊரடங்கு.

ஏப்ரலில் நூலகர் போன் செய்தார். "சார், அந்த ஃபிளெக்ஸ மாட்டாமலே விட்டுட்டோம். அலமாரி வேற கண்ணாடிகிட்ட நிக்குது. வாட்ச்மேன் உள்ளதான் இருக்காரு. நீங்க தாளாளர் சார்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா சாவி குடுப்பாங்க."

ஒரு போன். அவ்வளவுதான் வேலை. நான் செய்யவில்லை. செய்தால், என் சுவரை மூடி வைக்கச் சொல்லி நானே கேட்டதாகும். "லாக்டவுன் முடியட்டும் மேடம்" என்றேன். எங்கள் பக்கம் ஏப்ரல், மே வெயில் எப்படி இருக்கும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கோடை முழுவதும், அதற்குப் பிறகும், அந்த வரிசை கண்ணாடிக்குப் பின்னால் நின்றது.

அந்த வரிசையில் இருந்தவை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கொடுத்த புத்தகங்கள். குடியாத்தம் பக்கத்துக்காரர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவை. கழகப் பதிப்புகள், மர்ரே ராஜத்தின் மலிவுப் பதிப்புகள், நின்றுபோன பத்திரிகைகளை அவரே தைத்துக் கட்டியவை. கல்லூரி திறந்தபோது முதுகுகள் வெளுத்திருந்தன. எந்தப் புத்தகம் எது என்று தெரியவில்லை. ஒட்டியிருந்த எண் சீட்டுகளும் வெற்றுத்தாளாகிவிட்டன. பசை காய்ந்து அட்டை தனியாக வந்தது. பழைய தாள், புரட்டினால் ஓரம் அப்பளம்போல ஒடிந்தது. அவர் ஒருநாள் வந்து பார்த்தாராம். ஒரு புத்தகத்தை எடுத்து, திறக்காமலே திருப்பி வைத்துவிட்டுப் போனாராம். இதை நூலகர் சொல்லித்தான் தெரியும். அவரை நான் போய்ப் பார்க்கவில்லை. இன்றுவரை பார்க்கவில்லை.

விருது வரவில்லை. வந்திருந்தால் இதை எழுதியிருப்பேனா என்று எனக்கு நிச்சயமில்லை.

2022 ஏப்ரலில் விடுதிக் கட்டட விஷயமாகப் போனபோதுதான் நூலகத்துக்குள் போய் உட்கார்ந்தேன். மூன்று வருடத்தில் முதல் முறையாக ஒரு வாசகனைப்போல. மாடியில், மேற்கோரத்தில், மணி மூன்றரைக்கு. இருபது நிமிடம் தாங்கினேன். மேசையின் மேல்பலகை தொட்டால் சுட்டது. மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிக்கொடுத்தது. அறுபது நாற்காலி. நான் ஒருவன்.

கீழே வந்து, பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். நூலகர் நேராகப் பதில் சொல்லவில்லை. பீரோவிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தார். அந்த மூன்று பக்கம். எனக்குக் கொடுக்குமுன் நகல் எடுத்து வைத்திருக்கிறார். நின்றுகொண்டே படித்தேன்.

ஏழாவதாக எழுதியிருந்தது இது. வகுப்பு மூன்று மணிக்கு முடிகிறது. நம் மாணவிகளில் பாதிப்பேரின் அம்மாக்கள் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர்கள். கம்பெனி பஸ் அவர்களை இறக்கிவிட ஆறு, ஆறரை ஆகும். அதுவரை பிள்ளைகள் இங்கேதான் இருப்பார்கள். வீட்டுக்குப் போனால் ஒரே அறை, சமையல், தம்பி, டிவி. படிப்பதெல்லாம் இந்த மூன்று மணி நேரத்தில்தான். ஆகவே அந்த நேரத்தில் வெயில் படாத இடமாக வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் அவர் கேட்ட கேள்விக்குப் பின்னால் இவ்வளவு இருந்தது. அதை நான் மாடலுக்கு அண்டக் கொடுத்தேன்.

2021 நவம்பர் வெள்ளத்தில் மாதனூரிலிருந்து குடியாத்தம் போகும் பாலாற்றுத் தரைப்பாலம் அடித்துக்கொண்டு போனது. அக்கரைப் பிள்ளைகளுக்குச் சுற்றுவழி. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் கூடியது. நூலகம் அதிகம் தேவைப்பட்ட வருடங்களில்தான் அங்கே உட்கார முடியாமல் போயிற்று.

சீர்காழியில் பிறந்த ரங்கநாதனைப் பற்றி அதற்குப் பிறகுதான் படித்தேன். மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். உலகத்தில் நூலகவியல் படிக்கிற எவரும் முதல் வாரமே படிப்பது. நான்காவது விதி வாசகரின் நேரத்தைக் காப்பாற்றுவது பற்றியது. ஒரு நூலகத்தைக் கட்டி முடித்து, திறந்து, காசு வாங்கிய பிறகு இதை நான் தெரிந்துகொண்டேன். நூலகக் கட்டடத்துக்கென்றே ஐ.எஸ். 1553 என்று ஓர் இந்தியத் தரநிலை உண்டு. அதையும் அப்போதுதான் வாங்கினேன். கூட்டத்தில் எனக்குத் தலையாட்டியவர்கள், எனக்குத் தெரியும் என்று நம்பித் தலையாட்டினார்கள்.

இப்போது சொந்தச் செலவில் ஒரு வரைபடம் கொடுத்திருக்கிறேன். முன்னால் ஐந்தடி தள்ளிச் செங்கல் மறைப்பு, கண்ணாடியில் பன்னிரண்டு ஜன்னல். கட்டணம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். கட்டுமானச் செலவு அவர்களுடையது. அது அவர்களுக்கு இரண்டாம் முறை ஆகும் செலவு. பரிசீலிக்கிறோம் என்றார்கள். நூலகரிடம் ஒரு பிரதி கொடுத்தேன். பென்சிலில் பதினொரு இடத்தில் குறித்துத் திருப்பிக் கொடுத்தார். பேசவில்லை.

அன்று சாயங்காலம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று நானே தேடிப்போனேன். பழைய கட்டடத்துக்குப் பின்னால், வேப்பமரத்துப் பக்கம், கழிப்பறைக்குப் போகிற வராந்தா. சுவரோரம் பத்துப் பன்னிரண்டு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் நோட்டு. நூலகத்து முத்திரை குத்திய புத்தகங்கள் தரையில். நான் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து ஒரு பெண் தன் பையை இழுத்து இடம் கொடுத்தாள்.

"இங்க உக்காருங்க சார். இந்தப் பக்கம் வெயில் வராது."

உட்கார்ந்தேன். எந்த டிபார்ட்மெண்ட் சார் என்று கேட்டாள்.

"சும்மா பார்க்க வந்தேம்மா" என்றேன்.